நியோவிம்மில் தானியங்கு நிரப்பல்: சொந்தக் கிளாஸின் உறுப்புகள் மட்டும் பட்டியலில் வருவதில்லை

கயல்:

வணக்கம். சி++ மொழியில் எழுதப்பட்டு, பல கோப்புறைகளாகப் பிரிந்திருக்கும் ஒரு நிரல்தொகுதியில் பணிபுரிகிறேன். எடிட்டராக நியோவிம்மையும், மொழிச் சேவையகமாகக் கிளாங்டியையும், பரிந்துரைப் பட்டியலைக் காட்டுவதற்கு என்விம்-சிஎம்பி என்ற செருகுநிரலையும் பயன்படுத்துகிறேன்.

தனியாக ஒரு சிறு கோப்பைத் திறந்து, அதில் ஒரு வெக்டரை அறிவித்து, அதன் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்தால் புஷ்_பேக், சைஸ் முதலியவை உடனே வந்துவிடுகின்றன. ஆனால் பணிக்குரிய கோப்புகளைத் திறந்தால் நிலைமை வேறு. எங்கள் சொந்த ஹெடர் கோப்புகளைச் சேர்க்கும் வரிகள் அனைத்தும் 'கோப்பு கிடைக்கவில்லை' என்று சிவப்புக் கோடு இடப்படுகின்றன. எங்கள் கிளாஸ்களின் பெயருக்குப் பின் புள்ளி வைத்தால், அந்தக் கோப்பிலேயே எங்கோ தட்டச்சு செய்த சொற்கள்தாம் பட்டியலில் வருகின்றன, உறுப்புகள் வருவதில்லை. இத்தனைக்கும் சிமேக் என்ற கருவி வழியாகப் பில்ட் செய்தால் (நிரலைத் தொகுத்தால்) ஒரு பிழையும் இல்லாமல் முடிகிறது. கம்பைலர் கண்டுபிடிக்கும் கோப்பை எடிட்டர் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்பது விளங்கவில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. அடுத்த வரிக்குச் செல்ல என்டர் விசையை அழுத்தினால், பட்டியலின் முதல் சொல் நான் கேளாமலே உள்ளே விழுந்துவிடுகிறது. பேசாமல் யூகம்ப்ளீட்மி அல்லது சிஓசி செருகுநிரலுக்கு மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


முனையவாசி:

மாற வேண்டாம். மாறினாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நிரப்பல் என்று நாம் ஒன்றாகப் பேசுவது உண்மையில் இரண்டு வேலைகள். எந்த இடத்தில் எந்தப் பெயர் பொருந்தும் என்பதை அறிவது ஒன்று. அறிந்ததைப் பட்டியலாகக் காட்டி, தேர்ந்ததை உரையில் சேர்ப்பது மற்றொன்று. முதலாவதைக் கிளாங்டியும் இரண்டாவதை என்விம்-சிஎம்பியும் செய்கின்றன. கிளாங்டியிடமிருந்து விடை வராதபோது, பட்டியல் வெறுமையாக இருக்கக்கூடாது என்பதற்காகத் திறந்திருக்கும் கோப்பிலுள்ள சொற்களைக் கொண்டு என்விம்-சிஎம்பி அதை நிரப்புகிறது. நீங்கள் பார்ப்பது அந்த மாற்று ஏற்பாட்டைத்தான்.

இதை உறுதி செய்துகொள்ள எளிய சோதனை ஒன்று இருக்கிறது. நியோவிம்மின் அண்மைப் பதிப்புகளில், சேவையகம் ஒரு கோப்புடன் இணைந்தவுடன், எடிட்டரிலேயே உள்ள ஆம்னி நிரப்பல் என்ற வசதி தானாகவே அதனுடன் தொடுக்கப்படும். எனவே புள்ளி வைத்த இடத்தில், இன்செர்ட் நிலையில் இருந்தபடி, கன்ட்ரோல்-எக்ஸ், அதைத் தொடர்ந்து கன்ட்ரோல்-ஓ அழுத்துங்கள். இது செருகுநிரலைத் தாண்டிச் சேவையகத்தை நேரடியாகக் கேட்கும். உறுப்புகள் வந்தால் கோளாறு செருகுநிரலில். வராவிட்டால் சேவையகத்தின் பக்கம். உங்கள் விஷயத்தில் வராது என்றே நினைக்கிறேன்.

2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், ரெட் ஹேட், கோடென்வி ஆகியவற்றுடன் சேர்ந்து எல்எஸ்பி என்ற மொழிச் சேவையக நெறிமுறையை அறிவித்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக ஒருவர் செருகுநிரல் எழுத வேண்டியிருந்தது. இப்போது மொழியை அறிந்த நிரல் தனியே ஓடுகிறது. எடிட்டர் அதனுடன் ஜேசான் வடிவிலான செய்திகளால் உரையாடுகிறது. எல்லா எடிட்டருக்கும் ஒரே அறிவு கிடைப்பது இதன் நன்மை என்றால், எல்லா எடிட்டருக்கும் ஒரே அறியாமை கிடைப்பது அதன் மறுபக்கம். யூகம்ப்ளீட்மியும் சி++ கோப்புகளுக்கு இன்று கிளாங்டியைத்தான் நம்பியிருக்கிறது. சிஓசியிலும் வழக்கமாக அதையேதான் இணைப்பார்கள்.

இனி உங்கள் சிக்கல். ஒரு சி++ கோப்பைப் புரிந்துகொள்ள அந்தக் கோப்பு மட்டும் போதாது. ஹெடர்களை எந்தெந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும், எந்த மேக்ரோக்கள் வரையறுக்கப்பட்டுள்ளன, மொழியின் எந்தத் தரநிலை பின்பற்றப்படுகிறது ஆகிய அனைத்தும் கம்பைலருக்குக் கட்டளை வரியில் சொல்லப்படுகின்றன. அவற்றை உங்கள் சிமேக் அறியும், கிளாங்டி அறியாது. யாரும் சொல்லாதபோது, எந்தச் சிறப்பு விருப்பமும் இல்லாத ஒரு கட்டளையை அது தானே ஊகித்துக்கொள்ளும். அந்த ஊகத்துக்கு மொழியின் நிலையான நூலகம் அகப்படும், உங்கள் ஹெடர்கள் அகப்படா. தனிக் கோப்பில் வெக்டர் சரியாக வந்ததும், பணிக்கோப்பில் எதுவும் வராததும் இதனால்தான்.

தீர்வு 'கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசான்' என்ற கோப்பு. ஒவ்வொரு மூலக் கோப்பும் எந்தக் கோப்புறையிலிருந்து எந்தக் கட்டளையால் தொகுக்கப்படுகிறது என்பது அதில் இருக்கும். சிமேக்கில் 'சிமேக்_எக்ஸ்போர்ட்_கம்பைல்_கமாண்ட்ஸ்' என்ற மாறியை 'ஆன்' என்று வைத்து மறுபடியும் இயக்கினால், பில்ட் கோப்புறைக்குள் அக்கோப்பு உருவாகும். மேக்ஃபைல் அல்லது நிஞ்சா வகைகளை உருவாக்கும்போது மட்டுமே சிமேக் இதைச் செய்யும் என்பதைக் கவனியுங்கள். திறக்கப்பட்ட கோப்பு இருக்கும் இடத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு கோப்புறையிலும், அவற்றினுள் 'பில்ட்' என்ற பெயருடைய கோப்புறையிலும் கிளாங்டி இதைத் தேடும். உங்கள் பில்ட் கோப்புறைக்கு வேறு பெயர் இருந்தால், நிரல்தொகுதியின் வேரில் அக்கோப்புக்கு ஒரு குறியீட்டு இணைப்பு ஏற்படுத்திவிடுங்கள்.

பின்னர் சேவையகத்தை மறுபடி தொடங்குங்கள். முதல் முறை பொறுமை தேவை. முழுத் தொகுதியையும் பின்னணியில் படித்து, வேர்க் கோப்புறையில் '.கேஷ்' என்ற மறைகோப்புறைக்குள் அட்டவணையாக எழுதிவைக்கும். அதைக் கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியின் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுவது நல்லது.


உளிவேலை:

மேலே சொன்னது சிமேக் உள்ளவர்களுக்குப் போதும். வெறும் மேக்ஃபைல் மட்டும் வைத்திருப்பவர்கள் 'பேர்' என்ற கருவியை நாடலாம். மேக் கட்டளைக்கு முன்னால் அதை வைத்து இயக்கினால், பில்ட் நடக்கும்போது அழைக்கப்படும் கம்பைலர் கட்டளைகளைப் பக்கத்தில் இருந்து கவனித்து அதே ஜேசான் கோப்பை எழுதித் தரும். உண்மையில் ஓடிய கட்டளைகளை மட்டுமே அது பதிவு செய்யும் என்பதால், பழைய பில்டை முழுவதுமாகத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஓட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு, ஏற்கெனவே பில்ட் ஆன தொகுதியில் இயக்கி, வெற்றுப் பட்டியல் கிடைத்தது என்று கருவியைக் குறை சொல்பவர்கள் பலர்.

நுண்கட்டுப்படுத்திகளுக்கு நிரல் எழுதுவோர் இன்னொரு சுவரில் முட்டிக்கொள்வார்கள். அங்கே கம்பைலர் வேறொரு செயலிக்கு உரிய ஜிசிசி. அதன் ஹெடர்கள் இருக்கும் இடம் அந்தக் கம்பைலருக்கு மட்டுமே தெரியும், கட்டளை வரியில் எழுதப்பட்டிருக்காது. கிளாங்டியைத் தொடங்கும்போது 'க்வெரி-டிரைவர்' என்ற விருப்பத்தில் அக்கம்பைலரின் முழுப் பாதையைக் கொடுத்தால், அதையே இயக்கிக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். இது ஏன் தானாக நடப்பதில்லை என்றால், ஜேசான் கோப்பில் எழுதியிருக்கும் ஏதோ ஒரு நிரலைக் கேள்வி கேட்காமல் இயக்குவது பாதுகாப்பன்று. எனவே எதை இயக்கலாம் என்ற அனுமதி நம்மிடமிருந்து வர வேண்டும். ஜிசிசி மட்டும் அறிந்த விருப்பங்களைப் பார்த்துக் கிளாங்டி முறையிட்டால், '.கிளாங்டி' என்ற அமைப்புக் கோப்பில் அவற்றை நீக்கச் சொல்லலாம்.


எளியநடை:

என் கருத்து சற்று வேறு; ஆனாலும் சொல்லிவைக்கிறேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பட்டியல் எழுந்து கண்ணை மறைப்பது உதவியா இடையூறா என்று நீங்களே ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். எதை எழுத வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, எழுதக்கூடியவை இவையெல்லாம் என்று ஒரு கருவி குறுக்கிடுவதை நான் விரும்புவதில்லை.

ஆம்னி நிரப்பல், நியோவிம்முக்கு மூலமான விம் எடிட்டரில், 2006 மே மாதம் வெளியான 7-ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது. சொற்களுக்குக் கன்ட்ரோல்-என், கன்ட்ரோல்-பி. கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்திய பின் கன்ட்ரோல்-எஃப் என்றால் கோப்புப் பாதை, கன்ட்ரோல்-எல் என்றால் முழு வரி. இவற்றுள் கோப்புப் பாதையும் முழு வரியும் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது ஐயமே, தெரிந்தவர்கள் விடுவதில்லை. இவற்றுடன் யூனிவர்சல் சிடேக்ஸ் என்ற கருவி உருவாக்கும் குறிக்கோப்பு (எந்தப் பெயர் எந்தக் கோப்பில் வரையறுக்கப்பட்டுள்ளது என்ற அட்டவணை) ஒன்று இருந்தால், பெருமளவு வேலை நடந்துவிடும். பழைய விம்மில் சி கோப்புகளில் கன்ட்ரோல்-என் மந்தமாக இருந்தால், 'கம்ப்ளீட்' என்ற அமைப்பிலிருந்து 'ஐ' எழுத்தை நீக்குங்கள். சேர்க்கப்பட்ட ஹெடர்களை எல்லாம் திறந்து தேடச் சொல்வது அதுதான். நியோவிம்மில் அது இயல்பாகவே நீக்கப்பட்டுள்ளது.

சேவையகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கேட்கும்போது மட்டும் பேச வையுங்கள். முனையவாசி சோதனைக்காகச் சொன்ன கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஓ இணையையே நான் அன்றாட வழியாக வைத்திருக்கிறேன். செருகுநிரல் ஒன்றும் தேவைப்படவில்லை.


கயல்:

அனைவருக்கும் நன்றி. சிமேக் மாறியை வைத்து மறுபடி இயக்கியதும் சிவப்புக் கோடுகள் மறைந்துவிட்டன. எங்கள் கிளாஸ்களின் உறுப்புகள் ஆவணக் குறிப்புடன் வருகின்றன. குறியீட்டு இணைப்பும் தேவைப்பட்டது.

இதே தொகுதியில் சோதனைகளுக்காக எழுதிய பைத்தான் நிரல்களும் உண்டு. அங்கே பைரைட் சேவையகம் நாங்கள் நிறுவியிருக்கும் நூலகங்களைக் காணவில்லை என்கிறது. சில செயற்கூறுகளுக்குள் புள்ளி வைத்தால் ஒன்றுமே வருவதில்லை. என்டர் விசை பற்றிய கேள்வியும் அப்படியே நிற்கிறது.

புதிதாக ஒன்றையும் கவனித்தேன். சி++ கோப்பில் ஒரு வரியில் தமிழ்ச் சரம் இருந்து, அதன் வலப்பக்கம் உள்ள ஒரு பெயரை நிரப்பலில் தேர்ந்தால், சில வேளை சொல் தவறான இடத்தில் போய் விழுகிறது. ஆங்கில எழுத்துகள் மட்டும் உள்ள வரிகளில் இப்படி நடப்பதில்லை. அந்தக் கோப்புகளுடன் எழுத்துப்பிழை பார்க்கும் மற்றொரு சேவையகமும் இணைந்திருக்கிறது என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன்.


முனையவாசி:

பைத்தானில் நடப்பது சி++ கதையின் மறுபதிப்புதான். நூலகங்கள் மெய்நிகர்ச் சூழலுக்குள், அதாவது இந்தத் தொகுதிக்கென்று தனியாக ஒதுக்கிய பைத்தான் கோப்புறைக்குள், நிறுவப்பட்டிருக்கும். சேவையகமோ கணினியின் பொதுவான பைத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கும். முனையத்தில் சூழலை முதலில் செயல்படுத்திவிட்டு, அதே முனையத்திலிருந்து எடிட்டரைத் திறப்பது எளிய வழி. தினமும் அதை நினைவில் வைத்திருக்க முடியாது என்றால், 'பைரைட்கான்ஃபிக்.ஜேசான்' கோப்பில் 'வென்வ்பாத்', 'வென்வ்' ஆகிய இரண்டையும் எழுதிவிடுங்கள். முதலாவது சூழல் கோப்புறையைத் தாங்கும் இடம், இரண்டாவது அந்தச் சூழலின் பெயர். இரண்டையும் இடம் மாற்றி எழுதுவது மிக எளிது.

வேர்க் கோப்புறை எது என்று சேவையகம் கருதுகிறது என்பதையும் செக்ஹெல்த் கட்டளையால் பார்த்துக்கொள்ளுங்கள். கிட் கோப்புறை போன்ற அடையாளங்களைத் தேடி எடிட்டர் மேல்நோக்கிச் செல்லும். அமைப்புக் கோப்புகளைப் பேணுவதற்காகத் தம் இல்லக் கோப்புறையையே கிட் களஞ்சியமாக ஆக்கி வைத்திருப்பவர்களுக்கு, வேறு அடையாளம் எதுவும் குறுக்கே அகப்படாவிட்டால், இல்லக் கோப்புறை முழுவதுமே நிரல்தொகுதி ஆகிவிடும். பிறகு கணினி மூச்சு வாங்குவதில் வியப்பில்லை.

செயற்கூறுக்குள் புள்ளி வைத்தால் ஒன்றும் வராதது வேறு காரணம். வகைக் குறிப்பு இல்லாமல், இயல்பு மதிப்பும் இல்லாமல் ஓர் அளபுரு இருந்தால், அதற்குள் என்ன வரும் என்பதைச் சேவையகம் எதைக் கொண்டு அறியும்? அளபுருவின் பக்கத்தில் அதன் வகையை எழுதுங்கள், பட்டியல் வந்துவிடும். நிரப்பலுக்காகவே வகைக் குறிப்பு எழுதத் தொடங்கியவர்கள் பிறகு அதை விடுவதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன்.


நிறைமதி:

என்டர் விசைக்கு விடை சுருக்கமானது. என்விம்-சிஎம்பியில் என்டருக்கு இணைத்திருக்கும் 'கன்ஃபர்ம்' செயலில் 'செலக்ட்' என்ற விருப்பம் 'ட்ரூ' என்று இருக்கும். பலர் பகிரும் மாதிரி அமைப்புகளில் அப்படியே இருப்பதால் நகலெடுக்கும்போது கூடவே வந்துவிடுகிறது. அதை 'ஃபால்ஸ்' ஆக்கினால், நீங்கள் அம்புக்குறியாலோ கன்ட்ரோல்-என் விசையாலோ ஒன்றைத் தேர்ந்திருந்தால் மட்டும் என்டர் அதைச் சேர்க்கும். இல்லையெனில் புதிய வரியாகவே இருக்கும். பட்டியல் திறந்தவுடன் முதல் உருப்படி தானாகத் தேர்வாவதையும் நிறுத்திவிடுங்கள். எளியநடை சொன்னபடி செருகுநிரல் இல்லாமல் பயன்படுத்துவோர், 'கம்ப்ளீட்ஆப்ட்' அமைப்பில் 'மெனுஒன்', 'நோசெலக்ட்' ஆகியவற்றைச் சேர்த்தால் ஏறத்தாழ அதே நடத்தை கிடைக்கும்.

கேட்கும்போது மட்டும் பட்டியல் வர வேண்டும் என்று கன்ட்ரோல்-ஸ்பேஸ் விசையை இணைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. லினக்ஸில் தமிழ் உள்ளீட்டுக்கு எஃப்சிஐடிஎக்ஸ் பயன்படுத்தினால், மொழி மாற்றும் விசையாக அது இயல்பாக எடுத்துக்கொள்வது அதே கன்ட்ரோல்-ஸ்பேஸ். எடிட்டருக்கு அந்த விசை வந்தே சேராது; பட்டியல் வராததோடு, அடுத்து தட்டுவது எல்லாம் தமிழில் விழும். இரண்டில் ஒன்றை மாற்றியாக வேண்டும். நான் உள்ளீட்டு விசையைத்தான் மாற்றினேன், ஏனெனில் எடிட்டர்கள் பலவும் கன்ட்ரோல்-ஸ்பேஸையே எதிர்பார்க்கின்றன.

இங்கே யாரும் கேட்கவில்லை என்றாலும், செயற்கை நுண்ணறிவு தரும் சாம்பல்நிற முன்மொழிவுகளையும் சிலர் இதனுடன் குழப்பிக்கொள்கிறார்கள். மொழிச் சேவையகம் உங்கள் தொகுதியில் உண்மையாகவே இருக்கும் பெயர்களைத்தான் பட்டியலிடும். கிட்ஹப் கோபைலட் போன்றவை அடுத்து வரக்கூடியதை ஊகிக்கின்றன, இல்லாத செயற்கூறையும் இருப்பதுபோல எழுதிவிடக்கூடும், நிரலின் பகுதிகளை வெளிச் சேவையகத்துக்கு அனுப்புகின்றன. இரண்டையும் சேர்த்து வைப்பதில் தவறில்லை. பணியிடம் அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, டேப் விசையை இரண்டுக்கும் கொடுக்காமல் இருந்தால் சரி.


எழுத்தெண்ணி:

கயல் கேட்ட கடைசிக் கேள்விக்கு வருகிறேன்; தமிழ்ச் சரங்களுடன் பணிபுரிவோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது இது.

எடிட்டரும் சேவையகமும் ஓர் இடத்தைக் குறிக்க வரி எண்ணையும், அந்த வரியில் எத்தனையாவது நிலை என்ற எண்ணையும் பரிமாறிக்கொள்கின்றன. அந்த நிலையை எதைக் கொண்டு எண்ணுவது என்பதில்தான் சிக்கல். 'நன்றி' என்பது நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் ந, ன, புள்ளி, ற, இகரக் குறி என 5 குறியீடுகள். யூடிஎஃப்-16 முறையில் எண்ணினால் 5 அலகுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் என்பதால் 15. ஆங்கில எழுத்துகளுக்கு இரண்டு முறையிலும் ஒரே எண் வருவதால், ஆங்கிலம் மட்டும் உள்ள வரிகளில் பிழை வெளியே தெரிவதே இல்லை.

எல்எஸ்பியின் இயல்பான முறை யூடிஎஃப்-16. 2022-இல் வந்த 3.17 பதிப்பிலிருந்து, தொடக்கத்திலேயே இரு தரப்பும் பேசி வேறு முறையைத் தேர்ந்துகொள்ளலாம். கிளாங்டி யூடிஎஃப்-8 முறையையும் ஏற்கும். உங்கள் கோப்புடன் இரண்டு சேவையகங்கள் இணைந்திருக்கின்றன என்கிறீர்கள். ஒன்று யூடிஎஃப்-8, மற்றொன்று யூடிஎஃப்-16 என்று எண்ணிக்கொண்டிருக்க, ஒன்றின் எண்ணை மற்றொன்றின் கணக்கில் எடிட்டரோ செருகுநிரலோ படித்துவிட்டால், தமிழ்ச் சரத்துக்கு வலப்புறம் உள்ளவை எல்லாம் நகர்ந்துவிடும். சரம் நீளமாக இருந்தால் பிழையும் அதற்கேற்ப நீளும். சேவையகங்களின் எண்ணும் முறைகள் பொருந்தவில்லை என்று நியோவிம் எச்சரிக்கை எதையும் காட்டியதா என்று செய்திப் பட்டியலைப் பாருங்கள்.

கிளாங்டியைத் தொடங்கும் கட்டளையில் 'ஆஃப்செட்-என்கோடிங்' என்ற விருப்பத்துக்கு யூடிஎஃப்-16 என்று கொடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே முறைக்கு வந்துவிடும். அதன் பிறகும் சொல் இடம் மாறி விழுந்தால், எழுத்துப்பிழைச் சேவையகத்தைச் சற்று நேரம் நிறுத்தி, கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஓ வழியாக அதே வரியில் மறுபடி நிரப்பிப் பாருங்கள். சரியாக விழுந்தால், சேவையகத்தை மறுபடி இணைத்துவிட்டு அதே இணையை இன்னொரு முறை அழுத்துங்கள். அப்போதும் சரியாக இருந்தால் பிழை என்விம்-சிஎம்பியின் பக்கம்; புதிய பதிப்புக்கு மாறிப் பாருங்கள். பிழை திரும்பி வந்தால் காரணம் அந்த இரண்டாம் சேவையகம்தான். சோதனைக்கு எடுக்கும் வரியில் தமிழ்ச் சரம் நீளமாக இருக்கட்டும். ஓரிரு எழுத்து மட்டும் இருந்தால் நகர்வு கண்ணுக்குப் படாமல் போகலாம்.